மலைப்பாதைக்கு ஒரு மியாட்டா: ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, லா கன்யாடா பிளின்ட்ரிட்ஜ் என்ற ஊரில் வீடுகள் முடிகிற இடத்தில் ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்குகிறது. சான் கேப்ரியல் மலைத்தொடரின் முதுகிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போய், ரைட்வுட் பக்கம் இறங்கும் சாலை. 1929இல் போட ஆரம்பித்தவர்கள் 1956இல்தான் முடித்தார்கள். உச்சியான டாசன் சேடில் 2,400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. விடுமுறை நாள் காலையில் அந்த ஏற்றத்தில் மாஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டா ஒன்றையாவது பார்க்காமல் திரும்புவது கஷ்டம்.

அப்படிப் பார்க்கும் மியாட்டாக்களில் நிறைய வண்டிகள் தரையோடு தரையாக இறக்கப்பட்டிருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூடப் போகாது. நின்றுகொண்டிருக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். வளைவின் நடுவில் ஒரு மேடு வரும்போதுதான் கதை தெரியும்: பின்பக்கம் ஒருமுறை துள்ளி, அரையடி வெளியே தள்ளிப்போய் உட்காரும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் திருத்திப் பிடித்துவிட்டு, "ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் ஹார்டா இருந்தா நல்லா இருக்கும்" என்பார். அவர் வண்டிக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது.

முதலில் சாலையைப் பார்ப்போம். ஏஞ்சலஸ் கிரெஸ்டின் மேல்பகுதியில் பனி விழும். ஐஸ்லிப் சேடிலுக்கும் வின்சென்ட் கேப்புக்கும் இடைப்பட்ட தூரத்தைக் குளிர்காலத்தில் மூடிவிடுவது வழக்கம். தாருக்கு அடியில் போன தண்ணீர் உறைந்து விரியும், இளகும், மறுபடி உறையும். அப்படித் தூக்கிவிட்ட மேடுகள் ஒருபுறம், ஒட்டுப்போட்ட பள்ளங்கள் ஒருபுறம், மேலே சரிவிலிருந்து உருண்டு வந்து கிடக்கும் கற்கள் இன்னொருபுறம். பந்தயத் தடம் இப்படி இருக்காது. அங்கே தளம் மேசைபோல இருக்கும், ஒரே வளைவை ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை எடுக்கலாம், தவறினால் மண்ணில் போய் நிற்கலாம். மலைப்பாதையில் ஒரு வளைவு ஒரு தடவைதான் வரும், அதற்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாது, ஓரத்தில் பாறை அல்லது பள்ளத்தாக்கு. தடத்துக்காகச் செய்த சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பு) இங்கே வந்து திணறுவது இதனால்தான்.

வண்டியை எடுத்துக்கொண்டால், மியாட்டாவுக்கும் மலைப்பாதைக்கும் பழைய உறவு உண்டு. மாஸ்டாவில் ரோட்டரி எஞ்சினைச் சாதித்துக் காட்டிய பொறியாளரும் பிற்காலத்தில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவருமான கெனிச்சி யமமோட்டோ, ஜப்பானின் ஹகோனே மலைப்பாதையில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்த பிறகே இப்படி ஒரு சின்னக் காருக்குத் தலையசைத்தார் என்பது இந்தக் காரின் பிறப்புக் கதையில் எப்போதும் வருவது. முன்னால் எஞ்சின், பின்னால் இயங்கும் சக்கரங்கள் என்ற அமைப்பை வடிவமைப்புப் போட்டியில் முன்வைத்து வென்றது மாஸ்டாவின் கலிபோர்னியக் குழு. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் வண்டி வெளியானது. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். அந்த விலையில் அன்று அது பெரிய தாராளம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று சக்கரத்தை இரண்டு கைகள் பிடித்திருப்பதால், வண்டி சாயும்போதும் டயர் சாலையோடு ஓரளவு நேராகவே நிற்கும்.

அந்தத் தாராளத்தில் ஒரு குறை மட்டும் இருந்தது. சக்கரம் மேல்நோக்கிப் போகக் கிடைக்கும் தூரம், குறிப்பாகப் பின்பக்கம், குறைவு. ஷாக் அப்சார்பரின் தண்டில் மேலே ஒரு நுரை ரப்பர் துண்டு கோத்திருப்பார்கள். இதுதான் பம்ப் ஸ்டாப். சக்கரம் எல்லை வரை மேலே வந்துவிட்டால் இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அதன் வேலை. முதல் தலைமுறை மியாட்டாவில் இரண்டு பேர் உட்கார்ந்து, டிக்கியில் ஒரு பையையும் வைத்துவிட்டாலே பின்பக்க ஷாக் அந்த ரப்பருக்கு மிக அருகில் போய்விடும். கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே இந்த நிலைமை. இதில் 40 மில்லிமீட்டர் இறக்கினால் என்ன ஆகும்? வண்டி ஸ்பிரிங்கில் போகாது, ரப்பரில் போகும்.

ரப்பரில் போவது சும்மா இடுப்பு வலியோடு முடியும் சமாச்சாரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். விஷயம் பிடிப்பைப் பற்றியது. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரம் ஏற்கெனவே அமுங்கி, டயர் தன் பிடிப்பின் விளிம்பில் இருக்கிறது. அப்போது ஒரு மேடு வருகிறது. சக்கரம் மேலே போகப் பார்க்கிறது, ரப்பர் தடுக்கிறது. அந்த மூலையின் விறைப்பு கண நேரத்தில் பல மடங்காகிறது. டயர்மேல் விழும் எடை குபீரென்று ஏறி, அடுத்த கணம் சக்கரமே தரையை விட்டு எழும்புகிறது. தொடக்கத்தில் சொன்ன காரின் பின்பக்கம் அரையடி தள்ளியது இப்படித்தான். இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் ரப்பரைத் தொடும் நேரம் குறையலாம், ஆனால் அது வேறொரு சிக்கலைக் கொண்டுவரும்.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். மலிவான காயில்ஓவர் (ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றக்கூடிய அமைப்பு) கிட்களில் முன்பக்கம் 8 கிலோ ஸ்பிரிங் சகஜம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ எடை வேண்டும் என்று அர்த்தம். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின்மேல் நேராக உட்காரவில்லை, கீழ்க்கையின் நடுவழியில் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். இந்த 0.7ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும், தூரத்துக்கு ஒருமுறை, விசைக்கு ஒருமுறை. ஆக, சக்கரத்தில் உணரும் விறைப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு: மில்லிமீட்டருக்கு 3.9 கிலோ. ஒரு மூலையில் தாங்க வேண்டிய எடை 220 கிலோ என்றால், வண்டி தன் எடையிலேயே 56 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். இதிலிருந்து அந்த மூலை வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று கணக்கிடலாம், இங்கே 2.1 முறை வருகிறது. இதே இடத்தில் 4 கிலோ ஸ்பிரிங் என்றால் அமுங்குவது 112 மில்லிமீட்டர், ஆட்டம் வினாடிக்கு 1.5 முறை. சொகுசுக் கார்கள் ஒன்றை ஒட்டி இருக்கும், சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் இருக்கும், இரண்டைத் தாண்டினால் பந்தயக் கார்களின் உலகம்.

அந்த 56 மில்லிமீட்டரைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ, அவ்வளவு தூரம்தான் அது சக்கரத்தைக் கீழே தள்ள முடியும். சாலையில் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தாரைத் தேட வேண்டும். 112 மில்லிமீட்டர் கையிருப்பு உள்ள சக்கரம் தேடிக் கண்டுபிடிக்கும். 56 உள்ளது பாதி வழியில் நின்றுவிடும், டயர் ஒரு கணம் காற்றில் இருக்கும். காற்றில் இருக்கும் டயருக்கு எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் பிடிப்பு பூஜ்யம்தான். மேலே போக இடமில்லாததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கீழே போக இடமில்லாததைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

"ஆனால் வண்டி சாயுதே" என்பார்கள். சாயட்டுமே! வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை முடிவு செய்வது நான்கு விஷயங்கள்: வண்டியின் எடை, எவ்வளவு வேகமாக வளைக்கிறோம் என்பது, எடைமையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம். ஒரு டன் வண்டி, 45 சென்டிமீட்டர் உயரத்தில் எடைமையம், 1.42 மீட்டர் அகலம், புவியீர்ப்பில் 0.8 பங்கு பக்கவாட்டு வேகமாற்றம் என்றால் சுமார் 250 கிலோ மாறும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை. மெத்தைபோல ஸ்பிரிங் போட்டாலும், ஸ்பிரிங்குக்குப் பதில் இரும்புக் குழாயை வைத்தாலும், கிட்டத்தட்ட அதே 250 கிலோதான். சாய்வைக் குறைத்தால் எடை மாறுவது குறையும் என்பது கண்ணுக்குத் தோன்றுவது, கணக்கில் வராதது. ஸ்பிரிங்குகளும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரும் செய்வது அந்த 250 கிலோவை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பங்குபோடுவது என்பதையும், உடல் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதையும் மட்டுமே. சாய்வு அளவுக்கு மீறினால் டயரின் கோணம் கெடும், வண்டி திரும்புவதும் மந்தமாகும். அதனால் ஓரளவு குறைப்பதில் நியாயம் உண்டு. அந்த ஓரளவு என்பது பலர் நினைப்பதைவிடக் குறைவு.

மாஸ்டாவுக்கே இந்தச் சாய்வு விவகாரத்தில் பழக்கம் அதிகம். 2015இல் வந்த நான்காம் தலைமுறை மியாட்டா நன்றாகவே சாயும் என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். 2022 மாடலில் அதற்கு மாஸ்டா சொன்ன பதிலை ரசிக்காமல் இருக்க முடியாது. ஸ்பிரிங்கை இறுக்கவில்லை. வேகமாக வளைக்கும்போது உள்பக்கப் பின்சக்கரத்தின் பிரேக்கை மிக லேசாகப் பிடிக்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். அந்தப் பின்பக்க சஸ்பென்ஷனின் அமைப்பு, பிரேக் பிடித்தால் உடலைக் கீழே இழுக்கும். உள்பக்கம் எழும்பாமல் இருக்க அந்த இழுப்பே போதும். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும் சுதந்திரமும் போகவில்லை. 2017இல் வந்த பிரான்ஸின் ஆல்பைன் ஏ110 காரிலும் இதே மனப்பாங்கைப் பார்க்கலாம்: மென்மையான ஸ்பிரிங், நல்ல டேம்பர் (ஷாக் அப்சார்பர்தான்), எல்லைக்கு வந்தால் தாங்க ரப்பரோடு ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப்.

அப்படியென்றால் பணத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால் ஷாக் அப்சார்பரில். தமிழில் நாம் ஷாக் என்று சுருக்கிச் சொல்வது அதன் வேலையைத் தப்பாகப் புரிய வைக்கிறது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய அதிர்ச்சியில் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன், அதில் சின்னச் சின்ன வால்வுகள். பிஸ்டன் மெதுவாக நகரும்போது, வினாடிக்கு ஐம்பது மில்லிமீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம், அது வண்டியின் உடலைக் கட்டுப்படுத்துகிறது: சாய்வது, பிரேக் பிடித்தால் மூக்கு அழுந்துவது, கியர் மாற்றினால் பின்னால் உட்காருவது. கல்லிலோ மேட்டிலோ ஏறும்போது பிஸ்டன் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும். நல்ல ஷாக் முதல் வேலையில் இறுக்கமாகவும் இரண்டாவதில் விட்டுக்கொடுத்தும் நடந்துகொள்ளும். மலிவான காயில்ஓவர்கள் பலவற்றில் இந்த வித்தியாசம் இருக்காது. 32 கிளிக், 36 கிளிக் என்று திருகு இருக்கும், ஆனால் எந்தக் கிளிக்கில் வைத்தாலும் கல்லில் ஏறினால் பல் கிட்டும்.

இன்னொரு விஷயம், ஸ்பிரிங் அமுங்கியபின் திரும்ப விரியும்போது ஷாக் தடுக்கும் அளவு. மெக்கானிக்குகள் இதை ரீபவுண்ட் என்பார்கள். இது அதிகமானால் வண்டி ஒரு வினோதமான காரியம் செய்யும். முதல் மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும், அதற்குள் மூன்றாவது. ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் ரப்பரில் போய் உட்காரும். நிற்கும்போது போதிய இடம் இருந்த வண்டி, ஒட்டுப்போட்ட சாலையில் ஓடும்போது இடமில்லாமல் தவிக்கும். மியாட்டாக்காரர்கள் நெடுங்காலமாக வாங்கும் மஞ்சள் நிறக் கோனி ஷாக்கில் திருகினால் மாறுவது இந்த ரீபவுண்ட் மட்டும்தான். முழுக்க முறுக்கி வைத்துவிட்டு, "கோனி போட்டும் தூக்கிப் போடுது" என்று புலம்புவது திருகினவர் தப்பு. மென்மையான நிலையிலிருந்து தொடங்கி, வண்டி மிதப்பது நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நீண்ட இறக்கத்தில் ஷாக்குகள் சூடாகும் என்பதும் உண்டு. இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால், விடாமல் குலுங்கினால் எண்ணெய் நுரைத்துப் பிடி தளரும். எண்ணெயையும் அழுத்த வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பு பிரான்ஸின் தெ கார்போன் என்ற பொறியாளர் உருவாக்கியது. அதை உலகெங்கும் பிரபலமாக்கியது ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம். மாஸ்டாவே சில மியாட்டா மாடல்களில் பில்ஸ்டைன் போட்டு விற்றது. பழைய வண்டிக்கு அதுவே நல்ல தேர்வாக இருக்கும்.

ஷாக் மாற்றும்போதே பழைய வண்டியில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு: ஷாக்கின் மேல் பகுதியைப் பிடிக்கும் கிண்ணத்தை மாற்றுவது. 1998இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறையில் மாஸ்டா அந்தக் கிண்ணத்தின் வடிவத்தை மாற்றிப் பயண தூரத்தைக் கூட்டியது. அது முதல் தலைமுறைக்கும் பொருந்தும் என்பது மியாட்டா உலகில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பம்ப் ஸ்டாப்பையும் படிப்படியாக இறுகும் ரகமாகப் போட்டால், ரப்பரைத் தொட்டாலும் அடி விழாது. இந்த இரண்டும் ஒரு செட் அலாய் வீலைவிட மலிவு. புகைப்படத்தில் தெரியாது, அவ்வளவுதான் குறை.

உயரத்தை இறக்கியே ஆக வேண்டுமென்றால் 15, 20 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். ஸ்பிரிங்கைக் கம்பெனி அளவைவிட முப்பது, நாற்பது சதவீதம் இறுக்கினால் போதும். முன்னால் மட்டும் இறுக்கிவிட்டுப் பின்னால் அப்படியே விடுவது கூடாது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி கண்டறிந்த ஒரு விஷயம் இங்கே வருகிறது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறும், பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறும். முதல் தலைமுறை மியாட்டாவின் முன்பின் சக்கர இடைவெளி 2.265 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் தாமதம் வினாடியில் ஏழில் ஒரு பங்கு. பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக ஆடினால், பிந்தி ஆரம்பித்தும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். இல்லாவிட்டால் வண்டி குதிரைபோல முன்னும் பின்னும் ஆடும். ஒரு டன்னுக்கும் குறைந்த குட்டிக் காரில் இந்த ஆட்டம் கழுத்தை நன்றாகவே பதம் பார்க்கும்.

ஆன்டி ரோல் பார் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடதையும் வலதையும் கட்டிப் போடும் கம்பி அது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறுபக்கத்தையும் இழுக்கும். முன்னால் கொஞ்சம் தடித்த கம்பி போடலாம். பின்னால் தடித்த கம்பி போட்டால் வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும், சாதாரண டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) உள்ள வண்டியில் அந்தச் சக்கரம் சும்மா சுழன்று சக்தியைத் தின்றுவிடும்.

முப்பது வயதான மியாட்டாவில் இதெல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது புஷ்கள், அதாவது சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள். ரப்பர் இறுகி வெடித்த புஷ்களோடு ஐந்தாயிரம் டாலர் ஷாக் போட்டும் பயனில்லை, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதே நிச்சயமில்லாதபோது மற்றதெல்லாம் வீண். பாலியூரிதேன் புஷ் போடலாம், கிரீஸ் வைக்காவிட்டால் கீச்சிடும். சாலைக்குப் புது ரப்பரே போதும். ஆனால் ரப்பர் புஷ் மாட்டும்போது போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டது, சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு இறக்கினால் ஒவ்வொரு புஷ்ஷும் எப்போதும் முறுக்கியபடியே இருக்கும், உயரமும் தப்பாக நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு.

டயர் விஷயத்தில் ஒரே வார்த்தை: அகலத்தைவிட ரப்பரின் தரம் முக்கியம், 15 அங்குல இலேசான ரிம் போதும். முதல் தலைமுறை 185/60 ஆர்14 (185 மில்லிமீட்டர் அகலம், 14 அங்குல ரிம்) டயரோடுதான் வந்தது. ஜப்பானில் அந்த வண்டிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தை மாஸ்டா தொடங்கியபோது, அந்த அளவுப் பழைய பிரிட்ஜ்ஸ்டோன் டயரை மறுபடியும் செய்ய வைத்தது. அந்த வண்டிக்கு எந்த டயர் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை அது.

கடைசியாக வீல் அலைன்மென்ட். இங்கே மியாட்டா ஒரு வரம். கீழ்க்கைகளின் போல்ட்களே மையம் விலகியவை, திருகினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), பின்பக்கம் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். முன்பக்கம் காஸ்டரும்கூட (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். கூடுதல் பார்ட் எதுவும் வாங்க வேண்டாம். முன்பக்கம் ஒரு பாகையிலிருந்து ஒன்றரைப் பாகை வரை எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது), பின்பக்கம் அதைவிட அரைப் பாகை கூடுதல், முன்னால் டோ பூஜ்யத்தை ஒட்டி, பின்னால் சற்றே உள்நோக்கி. மலைப்பாதைக்கு இது நிதானமான அமைப்பு. பின் டோ வெளிநோக்கிப் போய்விட்டால் மட்டும் வண்டி பதற்றமாகும். ஓட்டுபவர் எடைக்குச் சீட்டில் மணல் மூட்டையை வைத்து அலைன்மென்ட் செய்யும் கடையாகப் பாருங்கள். பழைய வண்டியில் அந்த போல்ட்கள் துருப்பிடித்து உறைந்திருக்கும், அதை முன்கூட்டியே ஊறவைத்துக் கழற்றி வைப்பது உங்கள் பாடு.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் ஒரு சோதனை. ஷாக்கின் தூசி உறையைத் தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்காமல் கட்டி, ஷாக்கின் உடம்போடு ஒட்டினாற்போலக் கீழே தள்ளி வையுங்கள். பிறகு உங்களுக்குப் பழக்கமான மலைப்பாதையில், சாலை விதிக்குள், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் ஒரு சுற்று. சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் ஷாக்கின் உடம்பு அந்த டையைத் தண்டில் மேலே தள்ளும், அதிகபட்சம் எங்கே போனதோ அங்கேயே அது நின்றுவிடும். திரும்பி வந்து பாருங்கள். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சமிருந்தால் இனி எதையும் தொடாதீர்கள். டை ரப்பருக்குள் புதைந்து கிடந்தால் வண்டியை 10 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டு, புது டை கட்டி, இன்னொரு சுற்று.